நெல்லைப் பேச்சை வசனத்தில் எழுத

'என்னலே, சொல்றேன்லே' என்று வரிக்கு வரி 'லே' ஒட்டினால் அது நெல்லைப் பேச்சாகாது. முதலில் வினைமுற்றைத் திருத்துங்கள்: 'சொல்றேன்' அல்ல, 'சொல்லுதேன்'; 'பார்க்கிறேன்' அல்ல, 'பாக்கேன்'. இது சரியானால் பாதி வேலை முடிந்தது.

அடுத்தது விளி, அதாவது ஒருவரைக் கூப்பிடும் சொல். 'ஏலே' சம வயது, இளைய ஆண்களுக்கு மட்டும், அதே வயதுப் பெண்களுக்கு 'ஏட்டி'. கடைக்காரப் பெரியவரிடம் போய் 'ஏலே' என்றால் கதாபாத்திரம் வம்புக்கு நிற்கிறது என்றே வாசகர் கொள்வார். அங்கே 'அண்ணாச்சி'தான்.

'அண்ணாச்சி, நாளைக்குத் தாரேன்.'
'நேத்தும் இதத்தானல சொன்ன?'

எல்லாச் சொல்லையும் உச்சரிப்புப்படி உடைக்காதீர்கள், வாசிப்பு தடுக்கும். கொங்கு 'ஏனுங்க' தவறியும் நுழையக் கூடாது. விவரிப்பு பொதுத்தமிழிலேயே இருக்கட்டும். முடித்ததும் அந்த ஊர்க்காரர் ஒருவரை உரக்கப் படிக்கச் சொல்லி, அவர் நாக்கு தடுமாறும் இடங்களைக் குறியுங்கள்.