எமனைக் கதைக்குள் வரவழைப்பது எப்படி

என் முதல் கதையில் எமன் வந்தான். ஒரு கிழவியின் கட்டிலருகே உட்கார்ந்து, நிலையாமை பற்றி நான்கு பக்கம் பேசினான். கிழவி தலையாட்டிக் கேட்டாள். பிறகு இருவரும் கிளம்பிப் போனார்கள். மெய்ப்புப் பார்த்தவர் ஒரு வாக்கியத்தையும் தொடவில்லை. ஓரத்தில் சிவப்பு மையால், "இவன் வந்த வேலை என்ன?" என்று மட்டும் எழுதியிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. கதையைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினேன். பழைய நூல்களில் எமனும் இஸ்ராயீலும் சங்காரக்காரனும் வரும் இடங்களைத் தேடித் தேடிப் படித்த பிறகுதான் அவர் கேட்டது சரி என்று உறைத்தது. அங்கே எவனும் பேசுவதற்காக வருவதில்லை. ஒரு வேலையாக வருகிறான். அந்த வேலை எளிதில் முடிவதில்லை. கதை அங்கேதான் பிறக்கிறது.

நீங்களும் அப்படியொரு கதை எழுத உட்கார்ந்திருந்தால், எருமையா குதிரையா என்று யோசிப்பதை ஒத்திவையுங்கள். முதலில் தீர்மானிக்க வேண்டியது, வருபவன் அனுப்பப்பட்டவனா, தீர்ப்புச் சொல்பவனா என்பது. திருக்குர்ஆனின் 32ஆம் அத்தியாயம் 11ஆம் வசனத்தில் வரும் 'மலக்குல் மவ்த்', அதாவது மரணத்தின் வானவர், பொறுப்பு ஒப்படைக்கப்பட்டவர். அவருக்கென்று தனி விருப்பம் கிடையாது. இஸ்ராயீல் என்ற பெயர்கூடக் குர்ஆனில் இல்லை, மரபு வழியாக வந்தது. விவிலியத்தில் யாத்திராகமம் 12இல் எகிப்தின் வீடுகளுக்குள் வருபவனைத் தமிழ் மொழிபெயர்ப்பு 'சங்காரக்காரன்' என்கிறது. வாசல் நிலைக்கால்களில் இரத்தம் பூசியிருந்தால் அந்த வீட்டுக்குள் அவன் நுழையக் கூடாது, ஆணை அப்படி. 2 சாமுவேல் 24இல் கொள்ளைநோயில் எழுபதாயிரம் பேர் மடிந்த பிறகு, தூதன் எருசலேமின் மேல் கையை நீட்டும்போது "போதும்" என்று ஒரு சொல் வருகிறது. கை நின்றுவிடுகிறது. அப்போது அவன் நின்ற இடம் அர்வனாவின் போரடிக்கிற களம். இந்தத் தூதர்களிடம் மன்றாடிப் பயனில்லை. அனுப்பியவரிடம்தான் மன்றாட வேண்டும்.

எமதர்மன் அப்படியல்ல. அவன் அரசன், நீதிபதி. சித்திரகுப்தனின் கணக்கு அவனுக்காக. தூதர்கள் அவனுக்குக் கீழே. தீர்ப்புச் சொல்பவனோடு வாதாடலாம், ஏன், அவனுக்கே தீர்ப்புச் சொல்லலாம். மகாபாரதத்தில் மாண்டவ்ய முனிவர் செய்யாத திருட்டுக்காகக் கழுவேற்றப்படுகிறார். எதற்காக இந்தத் தண்டனை என்று எமதர்மனிடம் போய்க் கேட்கிறார். சிறுவயதில் பூச்சிகளைப் புல்லால் குத்தியதற்காக என்று பதில் வருகிறது. அற்பக் குற்றத்துக்கு இத்தனை பெரிய தண்டனையா என்று முனிவர் கொதித்து, நீ மனிதனாகப் பிற என்று சபிக்கிறார். அப்படிப் பிறந்தவர்தான் விதுரர். இனிப் பதினான்கு வயது வரை செய்வது பாவமாகாது என்று ஒரு வரம்பையும் முனிவரே விதிக்கிறார். தூதன் கதையில் இதை எழுத முடியாது. நீதிபதியின் அதிகாரத்தையும் ஏவலாளின் கைகட்டிய நிலையையும் ஒரே ஆளிடம் கொடுத்தால் பாத்திரம் கொழகொழவென்று ஆகிவிடும். என் முதல் எமன் அப்படித்தான் ஆனான்.

இரண்டாவது வேலை, அவனால் எது முடியாது என்று எழுதி வைப்பது. இதற்கு நேரம் செலவழியுங்கள்; நான் ஒரு நோட்டுப் புத்தகமே செலவழித்தேன். எல்லாம் முடிந்த எமனை வைத்துக் கதை எழுத முடியாது, மரண அறிவித்தல்தான் எழுதலாம்.

சட்ட விவாதங்களும் கதைகளும் கலந்த யூதர்களின் பழைய நூலான தல்மூதில் தாவீது அரசன் சாகும் கதையைப் பாருங்கள். அவன் ஓய்வுநாளில் சாவான் என்று முன்பே சொல்லப்பட்டுவிட்டது. அதனால் ஒவ்வோர் ஓய்வுநாளிலும் வேத நூலை வாய் ஓயாமல் ஓதிக்கொண்டிருக்கிறான். ஓதும் வாயை மரண தூதனால் நெருங்க முடியவில்லை. தூதன் என்ன செய்கிறான்? வாளை உருவவில்லை. வீட்டுக்குப் பின்னால் இருந்த தோட்டத்து மரங்களை உலுக்குகிறான். என்ன சத்தம் என்று பார்க்க அரசன் எழுந்து போகிறான், படி உடைகிறது, விழும் அந்தக் கணத்தில் ஓதல் நின்றுவிடுகிறது. அவ்வளவுதான். ஒரு தடை, அதைச் சுற்றி வரும் வழி, ஒரு சத்தம். அந்த மரச் சத்தத்தைப் படித்த இரவு என்னால் தூங்க முடியவில்லை.

அதே தல்மூதில் யோசுவா பென் லேவி என்ற ஞானி, சொர்க்கத்தில் என் இடத்தைக் காட்டு என்று தூதனைக் கேட்கிறார். போகும் வழியில் உன் கத்தியைப் பார்த்தால் பயமாக இருக்கிறது, அதை என்னிடம் கொடு என்று வாங்கிக்கொள்கிறார். மதில் ஓரத்துக்கு வந்ததும் அந்தப் பக்கம் குதித்துவிடுகிறார். இனித் திரும்ப மாட்டேன் என்று சத்தியம் வேறு செய்கிறார். கடைசியில் வானத்திலிருந்து ஒரு குரல்: கத்தியைத் திருப்பிக் கொடு, உயிர்களுக்கு அது தேவை. இதில் ஏமாந்து நிற்கும் தூதனின் முகத்தை யாராவது தமிழில் எழுதினால் தேவலை.

புகாரி தொகுப்பில் உள்ள ஹதீஸ் (நபிமொழி) ஒன்றில் மூசா நபி, தம்மிடம் வந்த மரணத்தின் வானவரை அறைந்துவிடுகிறார், கண் பறிபோகிறது. வானவர் இறைவனிடம் திரும்பிப் போய் முறையிடுகிறார். கண் திரும்பக் கிடைக்கிறது, கூடவே ஒரு செய்தியும்: ஒரு காளையின் முதுகில் கையை வைக்கட்டும், கைக்கு அடியில் எத்தனை உரோமமோ அத்தனை ஆண்டுகள் தருகிறேன். அதற்குப் பிறகு என்ன என்று மூசா கேட்கிறார். மரணம்தான் என்கிறார்கள். அப்படியானால் இப்போதே ஆகட்டும் என்கிறார். அறை, கண், காளை, உரோமம், ஒரு கேள்வி என்று எல்லாம் கண்ணால் பார்க்கக்கூடிய பொருள்களாகவே வருகின்றன. நிலையாமை என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை.

சாவித்திரி நடந்தே எமனை வென்றாள். சேர்ந்து ஏழடி நடந்தவர்கள் நண்பர்கள் என்று சொல்லிக்கொண்டே பின்தொடர்ந்தாள். ஒவ்வொரு வரத்துக்கும் எமன் "சத்தியவானின் உயிரைத் தவிர" என்று ஒரு விலக்கு வைத்தான். கடைசி வரத்தில் அதை வைக்கவில்லை. அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். ஒப்பந்தம் படித்துக் கையெழுத்திடும் எவருக்கும் இந்த இடம் இனிக்கும்.

கையில் என்ன இருக்கிறது என்பதை இப்போது யோசிக்கலாம். நம் பழைய பாட்டில் கயிறு மட்டுமில்லை: புறநானூற்றின் 195ஆம் பாட்டு 'கணிச்சிக் கூர்ம்படைக் கடுந்திறல் ஒருவன்' என்கிறது, அதாவது மழு ஏந்தியவன். 'கூற்று' என்ற சொல்லே உடலையும் உயிரையும் கூறுபடுத்துவதால் வந்தது என்பார்கள். அந்தச் சொல்லுக்கு மழு பொருத்தம். பாசக்கயிறு வேறு வகை. அது வெட்டாது, இழுக்கும். சத்தியவானின் உடலிலிருந்து கட்டைவிரல் அளவு உருவம் ஒன்றை இழுத்தெடுத்தது. தல்மூதின் தூதனுக்கு உடலெங்கும் கண்கள். நோயாளியின் தலைமாட்டில் உருவிய வாளோடு நிற்கிறான், வாள் நுனியில் ஒரு துளி பித்தம் தொங்குகிறது. நோயாளி பயந்து வாயைத் திறக்கிறான். துளி உள்ளே விழுகிறது. கருவியைத் தேர்ந்தால் சாகும் விதமும் அதிலேயே வந்துவிடுகிறது, பார்த்தீர்களா?

அரிவாள் ஏந்திய எலும்புக்கூட்டை நான் தவிர்க்கச் சொல்வேன். அது ஐரோப்பாவின் இடைக்காலப் பிற்பகுதியில், கொள்ளைநோய்க்குப் பின் ஓங்கி வளர்ந்த உருவம். பாரிசில் ஒரு கல்லறைச் சுவரில் 1424, 1425 ஆண்டுகளில் வரைந்த சாவின் நடனம் அதற்குப் பெயர்பெற்ற முன்மாதிரி. உங்கள் கதை அந்த மண்ணில் நடந்தால் வரட்டும், இல்லாவிட்டால் வாடகை உடை போலத் தெரியும். சதுரங்கமும் வேண்டாம். ஸ்வீடனின் தேவாலயச் சுவரோவியத்திலிருந்து அதை எடுத்து 1957இல் ஒரு திரைப்படம் செய்துவிட்டது, அதன் பிறகு வந்தவை எல்லாம் அதன் நிழல். சாவே கதைசொல்லியாக வருவதும், சாவு இளம்பெண்ணாக வருவதும் கடந்த நாற்பது ஆண்டுகளில் நிறையப் புழங்கிவிட்டன. சாவை ஆணாகவே நினைத்துப் பழகியவர்கள் மகாபாரதத்தின் மிருத்யுவைத் தேடிப் படியுங்கள். உயிர்களைக் கொல்லப் பிரம்மா படைத்த பெண் அவள். மாட்டேன் என்று அழுகிறாள், தவம் செய்யப் போய்விடுகிறாள். அந்தக் கண்ணீரே நோய்களாகட்டும், பழி உன்னைச் சேராது என்று பிரம்மா சமாதானம் சொல்ல வேண்டியிருக்கிறது. வேலையை வெறுக்கும் சாவு! அதை இன்னும் யாரும் தேய்த்துவிடவில்லை.

பேச்சுக்கு வருவோம். ஆங்கில நாவல் வரிசை ஒன்றில் சாவு பேசுவதை முழுக்கப் பெரிய எழுத்தில் அச்சிடுவார்கள். 1983இல் தொடங்கிய வழக்கம். தமிழில் பெரிய எழுத்து கிடையாது. நமக்கு வேறொரு கருவி இருக்கிறது. முன்பின் தெரியாதவரையும் அம்மா, அண்ணா, தாத்தா என்றுதான் அழைப்போம். உங்கள் தூதன் யாரையும் உறவு சொல்லி அழைக்காமல், ஓலையில் உள்ள பெயரை மட்டும் சொல்லட்டும். ஒரு வரியில் வாசகருக்குக் குளிர்ந்துவிடும்.

மறுபக்கம், மனிதன் அவனை எப்படி அழைக்கிறான்? சோழன் கிள்ளிவளவன் இறந்தபோது ஆவடுதுறை மாசாத்தனார் பாடிய புறநானூறு 227, கூற்றத்தை 'நனிபேதையே' என்று திட்டுகிறது. விதையையே சமைத்துத் தின்றுவிட்டாயே, போர்க்களந்தோறும் உனக்கு உயிர்களைக் கொடுத்தவனையே எடுத்துக்கொண்டாய், இனி உன் பசியை யார் தீர்ப்பார்கள் என்று கேட்கிறது. அழுகையை வசவாக மாற்றும் வித்தை அது. அப்பர் 'நமனை அஞ்சோம்' என்றார். திருமழிசையாழ்வாரின் பாசுரம் ஒன்றில் நமனே தன் தூதுவரைக் கூப்பிட்டு, திருமாலடியார் பக்கம் போனால் வணங்கிச் சாதுவாகப் போங்கள் என்று காதோடு சொல்கிறான். அரசன் தன் ஏவலரிடம் கிசுகிசுக்கும் அந்தக் காட்சியில் இருக்கும் நகைச்சுவை, பெரிய மீசையும் இடிச்சிரிப்பும் கொண்ட மேடை எமனிடம் இல்லை. எமனை வைத்துச் சிரிக்க நம் மரபு இடம் கொடுத்திருக்கிறது. இஸ்ராயீலை வைத்து அப்படிச் சிரிக்க முயலாதீர்கள். நம்பிக்கையாளருக்கு அவர் வானவர், அந்த மரியாதையோடுதான் அவரை எழுத வேண்டும்.

தப்பி ஓடும் மனிதனின் கதையை எழுத ஆசைப்படுவீர்கள். 13ஆம் நூற்றாண்டில் பாரசீகக் கவிஞர் ரூமி சொன்ன வடிவத்தில், மரணத்தின் வானவர் தன்னை முறைத்தார் என்று பயந்து ஒருவன் சுலைமான் நபியிடம் ஓடி, காற்றிடம் சொல்லி என்னை இந்தியாவில் கொண்டுபோய் விடுங்கள் என்கிறான். மறுநாள் சுலைமான் விசாரிக்கிறார். நான் முறைக்கவில்லை, வியந்து பார்த்தேன், இந்தியாவில் உயிரைக் கைப்பற்ற வேண்டிய ஆள் இங்கே நிற்கிறாரே என்று வானவர் சொல்கிறார். முடிவு எல்லோருக்கும் தெரிந்துவிட்டதால் இனி அதை ஓடுபவன் பக்கமிருந்து எழுதிப் பயனில்லை. வானவரின் குழப்பத்திலிருந்து தொடங்குங்கள். அவருக்கு முகவரி தெரிகிறது. அந்த ஆள் அங்கே எப்படிப் போய்ச் சேர்வான் என்பது தெரியவில்லை.

ஆள் மாறிப்போகும் கதை இன்னும் பழசு. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க மொழி எழுத்தாளர் லூசியன் எழுதியதில், தவறாகக் கொண்டுவரப்பட்டவனைத் திருப்பி அனுப்பிவிட்டுப் பக்கத்தில் வசிக்கும் கொல்லனைக் கொண்டுவரச் சொல்கிறார்கள். 5ஆம் நூற்றாண்டில் கிறித்தவ ஆயர் அகஸ்டின் எழுதியதில் குர்மா என்ற நகர அலுவலருக்குப் பதிலாகக் குர்மா என்ற கொல்லன் போக வேண்டியிருந்தது. 6ஆம் நூற்றாண்டில் போப் கிரகோரி எழுதியதில் ஸ்டீபன் என்ற பெரிய மனிதருக்குப் பதிலாக, மறுபடியும், ஸ்டீபன் என்ற கொல்லன். நானூறு ஆண்டுகள் கொல்லர்களே செத்திருக்கிறார்கள்! உங்கள் கதையில் குறைந்தபட்சம் தொழிலையாவது மாற்றுங்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு என் பழைய கதையைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். நான்கு பக்கப் பேச்சையும் அடித்தேன். எமனை அனுப்பிவிட்டு ஒரு தூதனை வைத்தேன். ஓலையில் உள்ள பெயரும் ஆளின் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகாவிட்டால் அவனால் தொட முடியாது என்று ஒரு விதி வைத்தேன். ஓலையில் இருந்தது 'கருப்பாயி', வல்லின 'று' இல்லாமல். கிழவி 'கறுப்பாயி'. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தன் பெயரில் எந்த 'ரு' என்று அவளுக்கே தெரியாது. தூதன் திண்ணையில் காத்திருக்கிறான், தெருவில் பெயரை எழுதிக்காட்டக்கூடிய ஒருவர் வரும்வரை.

கதையை அதே மெய்ப்புத் திருத்துநருக்கு அனுப்பினேன். ஓரத்தில் இந்த முறை கேள்வி எதுவும் இல்லை. ஓலையில் இருந்த 'கருப்பாயி'யை மட்டும் சிவப்பு மையால் 'கறுப்பாயி' என்று திருத்தியிருந்தார். நான் கவனிக்காமல் அச்சுக்கு விட்டிருந்தால் கிழவி இரண்டாம் பத்தியிலேயே செத்திருப்பாள்.