கல்லுக்குள் இருக்கும் வடக்கை எடுப்பது எப்படி

கல்லில் உறைந்திருக்கும் பழைய காந்தத் திசையை அளக்கப் பாறையில் துளை போட்டு முடிந்ததும், துளைக்குள் நிற்கும் உருளைக் கல்லை, அதாவது 'கோர்' என்று நாங்கள் சொல்வதை, உடனே உடைத்து எடுத்துவிடாதீர்கள். முதல்முறை கல் எடுக்க வருகிற எல்லோரிடமும் நான் முதலில் சொல்வது இதைத்தான். பாறையோடு ஒட்டியிருக்கும்வரைதான் அந்தக் கல்லுக்குத் திசை உண்டு. திசையைக் குறிக்காமல் கையில் எடுத்துவிட்டால், எவ்வளவு விலை உயர்ந்த கருவியில் வைத்தாலும் அது ரோட்டில் கொட்டுகிற ஜல்லிதான்.

நான் பர்மாவில் உள்ள பெகுக்காரன். 1930 மே 5 இரவு நிலநடுக்கத்தில் ஷ்வேமொடோ பகோடா இடிந்து விழுந்தபோது எங்கள் அப்பத்தாவுக்குப் பதினைந்து வயது. பகோடாவைப் பற்றி அவர் அதிகம் பேசமாட்டார். வயலில் ஆங்காங்கே தரை வெடித்துத் தண்ணீரும் மணலுமாகப் பீய்ச்சியடித்ததைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார். அதைக் கேட்டு வளர்ந்ததால்தான் நிலவியல் படித்தேன்.

2025 மார்ச் 28 நிலநடுக்கத்துக்குப் பிறகு, ரங்கூனில் நிலவியல் படிக்கும் என் தங்கை மகள் வந்து கேட்டாள்: "மாமா, மாண்டலே பக்கம் தரையே மீட்டர் கணக்குல நகர்ந்திருக்கு. இப்படியே லட்சக்கணக்கான வருஷம் நடந்திருந்தா அது கல்லுல தெரியுமா?"

தெரியும். அதைக் கல்லிலிருந்து எப்படி வெளியே எடுப்பது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் தரை நகர்ந்த அந்தப் பிளவைப் பற்றிக் கொஞ்சம். சகாயிங் பிளவு நாட்டின் நடுவில் வடக்குத் தெற்காக 1,200 கிலோமீட்டருக்கு ஓடுகிறது. எந்தக் கரையில் நின்று பார்த்தாலும் எதிர்க்கரை வலப்பக்கம் நகரும். வருடத்துக்கு ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் கணக்கில் இறுக்கம் சேர்ந்துகொண்டே வந்து, ஒரு நாள் மொத்தமாக விடுபடுகிறது. 2025இல் 400 கிலோமீட்டருக்கும் மேல் ஒரே வீச்சில் கிழிந்தது. பெகுவுக்கு வடக்கே பாயாஜீயில் 16ஆம் நூற்றாண்டுக் கோட்டை மதில் ஒன்றைப் பிளவு வெட்டி, ஏறக்குறைய 6 மீட்டர் தள்ளி வைத்திருக்கிறது. மாண்டலேக்கு வடக்கே சிங்கூவில் சுமார் 3 லட்சம் ஆண்டு வயதுள்ள பசால்ட் என்னும் எரிமலைப் பாறைப் படிவம் கிலோமீட்டர் கணக்கில் இழுபட்டுக் கிடக்கிறது. மதிலின் விலகலை டேப் பிடித்து அளந்துவிடலாம். நிலத்துண்டு எந்த அட்சரேகையில் பிறந்தது, எவ்வளவு திரும்பியது என்பதைக் கல்லின் காந்தம்தான் சொல்லும்.

அந்தக் காந்தம் எங்கிருந்து வருகிறது? எரிமலைக் குழம்பு ஆறும்போது, அதிலுள்ள மேக்னடைட் என்னும் இரும்புத் தாதுவின் மணிகள் 580 பாகை செல்சியசுக்குக் கீழே வந்ததும் அன்றைய காந்தப்புலத்தின் திசையைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. திசையில் இரண்டு கூறு உண்டு. வடக்கிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பது விலக்கம். கிடைமட்டத்திலிருந்து எவ்வளவு கீழ்நோக்கிக் குத்துகிறது என்பது சாய்வு. சாய்வின் டேன்ஜென்ட், அட்சரேகையின் டேன்ஜென்டைப் போல இரண்டு மடங்கு. மாண்டலேயின் 22 பாகைக்குக் கணக்குப் போட்டால் 39 பாகை வரும். பழைய கல்லில் அந்த 39க்குப் பதில் கிட்டத்தட்டப் பூஜ்யம் வந்தால் அந்த நிலம் நிலநடுக்கோட்டுப் பக்கத்திலிருந்து வந்தது. வுந்தோ (Wuntho) மலைப் பகுதியிலும் கலேவா பக்கத்திலும் எடுத்த கற்களை வைத்து 2019இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. சுமார் 9.5 கோடி ஆண்டுகளுக்கு முன் மேற்குப் பர்மா நிலநடுக்கோட்டுக்குச் சற்றுத் தெற்கே இருந்தது, பிறகு கடிகாரம் சுற்றும் பக்கமாக 60 பாகை அளவுக்குத் திரும்பியது என்று அது காட்டியது. நாம் கால் வைத்து நிற்கிற மண் கடல் கடந்து வந்தது. எங்கள் முன்னோர் இங்கே வந்த கதையோடு சேர்த்து இதை நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

சரி, வேலைக்கு வருவோம். இடம் பார்க்கும்போது மலை உச்சியை விட்டுவிடுங்கள். அங்கேதான் இடி விழும், விழுந்த இடத்தில் கல்லின் பழைய காந்தம் அழிந்துவிடும். ஓடைப் படுகை, கல்குவாரியின் புதிய முகம், ரோட்டுக்காக வெட்டிய சரிவு, இவைதான் நல்லவை. காம்பஸைப் பாறைக்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்து மெதுவாக நகர்த்துங்கள். முள் சட்டென்று திரும்பினால் அந்த இடம் வேண்டாம்.

துளைக்கும் இயந்திரம் செயின் சா எஞ்சின்தான், முன்னால் உள்விட்டம் 2.5 சென்டிமீட்டர் உள்ள வைர பிட். வயலுக்கு மருந்தடிக்கும் தெளிப்பானில் தண்ணீர் நிரப்பி ஒருவர் விடாமல் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். தண்ணீர் நின்றால் பிட் போச்சு. எட்டு, பத்து சென்டிமீட்டர் ஆழம் போனதும் நிறுத்துங்கள்.

இப்போது பிட்டை உருவுங்கள். கோர் அடியில் ஒட்டியபடி துளைக்குள் நிற்கும். நீளவாக்கில் ஒரு கீறல் விட்ட பித்தளைக் குழாயை அதன்மேல் மெல்லச் செருகுங்கள். குழாயின் தலையில் சிறு தட்டு இருக்கும், அதில் காம்பஸும் நீர்மட்டமும் நடுவில் ஓர் ஊசியும். மட்டம் நடுவுக்கு வரும்வரை திருப்புங்கள். எந்தத் திசை, எவ்வளவு சரிவு என்று எழுதுங்கள். தட்டில் விழும் ஊசி நிழலின் கோணத்தை எழுதுங்கள், அதே நொடியில் மணியையும். பிறகு பித்தளைக் கம்பியைக் கீறல் வழியே விட்டுக் கோரின்மேல் கோடு இழுங்கள். குழாயை எடுத்துவிட்டு, இரும்பு அல்லாத உளியால் லேசாக நெம்பினால் "டக்"கென்று உடையும். துடைத்து, கோட்டைப் பேனாவால் அழுத்தி வரைந்து, எந்தப் பக்கம் வெளிப்பக்கம் என்று அம்புக்குறி போட்டு, எண் எழுதிய பிறகுதான் அடுத்த துளை.

நிழல் எதற்கு, காம்பஸ் போதாதா என்று கேட்பார்கள். பசால்ட் தானே ஒரு காந்தம், முள்ளை ஏமாற்றும். சூரியனை ஏமாற்ற முடியாது. ஆனால் சூரியனிடம் கேட்க மணி சரியாக இருக்க வேண்டும். இங்கேதான் நான் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும்.

சிங்கூ பசால்ட்டில் நான் முதன்முதலாகத் தனியாக எடுத்த கற்கள் அவை. கணக்குப் போட்டுப் பார்த்தால் எல்லாம் கடிகாரம் சுற்றும் பக்கமாக ஏழெட்டு பாகை திரும்பியிருந்தன. வலப்பக்கம் நகரும் பிளவின் ஓரத்தில் நிலத்துண்டு அந்தப் பக்கம்தான் திரும்பும். நான் எதிர்பார்த்ததே கிடைத்துவிட்டது. இரவு முழுக்கத் தூங்காமல் படம் வரைந்தேன். காலையில் எங்கள் சயா, அதாவது ஆசிரியர், என் குறிப்பேட்டை வாங்கி, சூரியன் சொன்ன வடக்குக்கும் காம்பஸ் சொன்ன வடக்குக்கும் உள்ள வித்தியாசத்தைக் கோர் வாரியாகப் பென்சிலால் எழுதிக்கொண்டே போனார். ஒன்றில் மூன்று, ஒன்றில் பதினான்கு, ஒன்றில் ஒன்பது. "கல் கெடுத்திருந்தால் சிலது இடமும் சிலது வலமும் போயிருக்கும். இது எல்லாம் ஒரே பக்கம். மணியைப் பார்" என்றார். பர்மா நேரம் கிரீன்விச்சுக்கு ஆறரை மணி முந்தியது. நான் ஆறு மணி நேரத்தைத்தான் கழித்திருந்தேன். அந்த அரை மணி நேரத்தில் சூரியன் நகர்ந்த தூரம்தான் என் கண்டுபிடிப்பு.

அன்றிலிருந்து குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் "6.30" என்று சிவப்பில் எழுதிவிட்டுத்தான் கிளம்புகிறேன். நீங்களும் எழுதுங்கள். காம்பஸ் அளவையும் நிழல் அளவையும் எப்போதும் சேர்த்தே எடுங்கள். இரண்டும் தாறுமாறாக விலகினால் கல்லைச் சந்தேகப்படுங்கள். ஒரே பக்கமாக விலகினால் உங்கள் கடிகாரத்தை.

ஓரிடத்துக்கு ஆறிலிருந்து எட்டு கோர் போதும். ஆனால் ஒரே குழம்பு அடுக்கில் எண்பது கோர் எடுத்தாலும் அது ஒரு சாட்சிதான், ஏனென்றால் அது ஆறிய அந்தச் சில நாட்களின் வடக்கு மட்டுமே அதில் இருக்கும். காந்த வடக்கு அலைந்துகொண்டே இருப்பது. வெவ்வேறு காலத்து அடுக்குகள் பத்துக்கு மேல் சேர்ந்து சராசரி எடுத்தால்தான் மேலே சொன்ன டேன்ஜென்ட் கணக்கு செல்லும். சிங்கூவில் நான் திரும்பல் கணக்குப் போட்டதே அவசரம். மணியைச் சரியாகக் கழித்திருந்தாலும், இரண்டு மூன்று அடுக்கை வைத்து எட்டு பாகையைப் பற்றிப் பேசியிருக்கக் கூடாது. சராசரியின் நம்பகத்தை அளக்க ஃபிஷர் 1953இல் கொடுத்த முறையை இன்றும் பயன்படுத்துகிறோம். அதைக் கையால் ஒருமுறையாவது போட்டுப் பாருங்கள், பிறகு கணினியிடம் கொடுங்கள்.

காந்தம் எப்போது பதிந்தது என்பதும் கேள்விதான். மடிந்து கிடக்கும் அடுக்கின் இரண்டு பக்கத்திலும் கல் எடுங்கள். அடுக்குகளைக் கணக்கில் நிமிர்த்தும்போது சிதறிய திசைகள் ஒன்றுகூடினால் காந்தம் மடிப்புக்கு முந்தியது, நிமிர்த்தும்போது சிதறினால் பிந்தியது. 1949இல் கிரஹாம் சொன்ன சோதனை இது. இதைவிட எளிமையான, நேர்மையான சோதனையை நான் பார்த்ததில்லை.

ஆய்வுக்கூட வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கோரை 2.2 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, காந்தப்புலம் இல்லாத உலையில் 100, 200 என்று படிப்படியாகச் சூடாக்கி, ஒவ்வொரு படியிலும் மிச்சமுள்ள காந்தத்தை அளப்பார்கள். பின்னால் ஒட்டிய காந்தம் முதலில் கழன்றுவிடும். கடைசியில் திசை ஒரே நேர்கோட்டில் பூஜ்யத்தை நோக்கிப் போனால் அதுதான் நமக்கு வேண்டியது. அப்புறம், கற்பெட்டியை ஸ்பீக்கர் பக்கத்தில் வைக்காதீர்கள்.

இப்போதைய நிலைமையில் சிங்கூவுக்குப் போவது நடக்காத காரியம், துளைக்கும் இயந்திரமும் மாணவர் கைக்கு எட்டாது. அதனால் தங்கை மகளுக்கு நான் காட்டியிருப்பது பெகுவில் எங்கள் தெருக்காரர் ஒருவருடைய செங்கல் சூளை. போன பருவம் வரை எரிந்த சூளைத் தரையில் இன்றைய வடக்கு உறைந்திருக்கும். விடை தெரிந்த கணக்கு, பழகுவதற்கு அதைவிட நல்லது இல்லை. விடையை இன்றைய காந்தப்புல வரைபடத்தில் பாருங்கள், டேன்ஜென்ட் கணக்கில் அல்ல. பெகு, ரங்கூன் பக்கம் கணக்கு 31, 32 பாகை என்று சொல்லும், இன்றைய சாய்வு அதைவிடக் குறைவு.

சுட்டு இறுகிய தரையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு மேட்டை விட்டுச் சுற்றிலும் பித்தளைக் கரண்டியால் செதுக்குங்கள். மேலே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றி, ஒரு சிறு கண்ணாடித் துண்டை வைத்து ரசமட்டத்தால் சமப்படுத்துங்கள். இறுகியதும் கண்ணாடியை எடுத்துவிட்டு, நூல்குண்டு ஒன்றைத் தொங்கவிட்டு, அதன் நிழல் விழும் கோட்டைப் பிளாஸ்டரில் கீறி, மணியை எழுதுங்கள். அதற்குப் பிறகு அடியில் வெட்டி எடுக்கலாம். மழை விட்டதும், சூளையில் மறுபடி தீ வைப்பதற்கு முன் பத்து துண்டு எடுத்துவிட வேண்டும். சூளைக்காரரிடம் பேசிவிட்டேன், தீபாவளி முடிந்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்.