வீட்டுப் பட்டறைக்கு முதல் டிக் வெல்டிங் மெஷின்

டிக் வெல்டிங் என்பது ஆர்கான் வாயுவின் பாதுகாப்பில், டங்ஸ்டன் முனையிலிருந்து எழும் மின்வில்லால் (ஆர்க்) உலோகத்தை உருக்கிப் பற்றவைக்கும் முறை. அதற்கான மெஷினின் விலையைப் பார்ப்பதற்கு முன், எந்த உலோகத்தைப் பற்றவைக்கப் போகிறோம் என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். இரும்புக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கும் டிசி (ஒரே திசையில் பாயும் மின்னோட்டம்) மட்டும் தரும் இன்வெர்ட்டர் வகை வெல்டிங் மெஷினே போதும். அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். அதன் மேல் படிந்த ஆக்சைடு படலமோ 2,000 டிகிரிக்கு மேல்தான் உருகும் என்பதால், அப்படலத்தைச் சிதைத்து நீக்க ஏசி, அதாவது திசை மாறி மாறிப் பாயும் மின்னோட்டம் தேவைப்படுகிறது. ஏசி-டிசி மெஷினின் விலை கணிசமாகக் கூடுதல். அலுமினிய வேலை உறுதியாக இல்லாதவர் அதில் பணம் போட வேண்டாம் என்பதே என் கருத்து.

இரும்பில் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குச் சுமார் 40 ஆம்பியர் என்பது பொதுக் கணக்கு. ஆகவே வீட்டு வேலைக்கு 160 முதல் 200 ஆம்பியர் தாராளம். பெட்டியில் பெரிதாக அச்சிட்ட ஆம்பியரை விட, மெஷினின் தகட்டில் உள்ள டியூட்டி சைக்கிளைக் கவனமாகப் படியுங்கள்: 160 ஆம்பியரில் 60 சதவீதம் என்றால், பத்து நிமிடத்தில் ஆறு நிமிடமே அந்த மின்னோட்டத்தில் பற்றவைக்கலாம். டங்ஸ்டன் முனை உலோகத்தைத் தொடாமலே ஆர்க் எழுப்பும் ஹெச்எஃப் (உயர் அதிர்வெண்) வசதியைப் புதிதாகக் கற்பவர் விட்டுவிடக் கூடாது. ஆர்கான் சிலிண்டர், ரெகுலேட்டர், ஹெல்மெட் ஆகியவற்றின் விலையையும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள். அருகில் ஆர்கான் நிரப்பித் தருபவரும் மெஷினைப் பழுது பார்ப்பவரும் உண்டா என்று விசாரித்த பிறகே முன்பணம் கொடுங்கள்.