புது கிட்டாருக்குப் பழைய தோற்றம் கொடுப்பது எப்படி

முதலில் பூச்சு என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள். நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் என்றால் சுலபம், மெல்லிசாகத் தேயும். பாலியெஸ்டர் தடிமனானது, சில்லு சில்லாகத்தான் பெயரும்.

எங்கே தேய்க்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கிட்டாரை எடுத்துக் கொஞ்ச நேரம் வாசியுங்கள். முன்கை உரசும் மேல் விளிம்பு, பெல்ட் பக்கிள் படும் முதுகு, கட்டைவிரல் ஓடும் கழுத்தின் பின்புறம்: இங்கே மட்டும் போதும். கையே போகாத இடத்தில் தேய்ந்திருக்கும் கிட்டாரைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது.

கம்பி, பிக்அப் (கம்பியின் அதிர்வை மின் சைகையாக்கும் காந்தப் பாகம்), பிரிட்ஜ் (உடல்மீது கம்பிகளைத் தாங்கும் பாகம்) எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். பிக்அப்பைக் கட்டாயம் தூர வையுங்கள். தேய்க்க ஸ்டீல் வுல் (மெல்லிய இரும்பு நார்) எடுத்தால், அதன் துகளைப் பிக்அப்பின் காந்தம் இழுத்துக்கொள்ளும், அப்புறம் எடுப்பது பெரும்பாடு. முகமூடி போட்டுக்கொண்டு 320 எண் உப்புத்தாளில் தொடங்குங்கள் (எண் கூடக்கூடத் தாள் நைசாகும்). மரம் தெரிந்ததும் 600, 1000 என்று மாற்றி, பூச்சின் ஓரம் விரலில் தட்டாத அளவுக்கு மழுக்குங்கள். வெளுப்பாகத் தெரியும் மரத்தில் பழுப்புச் சாயத்தைத் துணியால் ஒற்றித் துடைத்துவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் நேற்றுத் தேய்த்தது என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

நிக்கல் பூசிய திருகுகளை மூடிய டப்பாவில், வினிகரில் படாமல் அதற்கு மேலே தொங்கவிடுங்கள். ஆவியிலேயே மங்கிவிடும். வெளியே எடுத்ததும் நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு மாட்டுங்கள்.