தாளால் அளந்த பொருத்து

கோண்டாவிலில் வீட்டு விறாந்தையில் ஓய்வு நேரத்தில் மரவேலை பழகும் நான், முதல் இரண்டு ஆண்டுகளும் என் முன்னேற்றத்தை முடித்த பொருட்களின் எண்ணிக்கையாலேயே கணக்கிட்டேன். முக்காலியும் சுவர்த்தட்டும் பெருகினவே தவிர, பொருத்துகள் இறுகவில்லை.

அயலிலுள்ள ஆசாரியார் ஒருவர், "தம்பி, ஒரே பொருத்தைத் திரும்பத் திரும்ப வெட்டிப் பாரும்" என்றார். அன்று முதல் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறன்று, ஒரே வேப்பம் பலகையிலிருந்து எடுத்த இரு துண்டுகளைப் பாதித் தடிப்புக்கு வெட்டிக் குறுக்காகப் பொருத்தி, திகதியை எழுதி வைக்கிறேன். இடைவெளியை அளக்கச் சாதாரண அச்சுத் தாளே போதும். சதுர மீற்றருக்கு 80 கிராம் நிறையுள்ள தாளின் தடிப்பு ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர் என்பதால், எத்தனை தாள் நுழைகிறது என்பதே கணக்கு. முதல் மாதம் 7 தாள்கள் நுழைந்தன. ஐந்து துண்டுகளை வரிசையாக வைத்தபோதுதான், இடைவெளி எப்போதும் வலப்பக்கத்திலேயே விழுவதைக் கண்டேன். என் வாள் சாய்ந்திருந்தது. முழங்கையை உடலோடு சேர்த்து, வாளுக்கு நேர் பின்னே நிற்கப் பழகியதும் அது 3 தாளாகக் குறைந்தது.

அளவையிலும் ஒரு பிழை இருந்தது. மாரியின் ஈரப்பதத்தில் மரம் நாருக்குக் குறுக்காக விரியும். ஆகவே மார்கழியில் இறுக்கமாக இருந்த துண்டு சித்திரை வெயிலில் தளர்ந்துவிட, என் கைதான் தவறியது என்று வீணாக வருந்தினேன். இப்போது வெட்டிய அன்றே அளந்து, எண்ணை மரத்திலேயே குறித்துவிடுகிறேன். சென்ற மாதத் துண்டில் ஒரு தாள் மட்டுமே நுழைந்தது.