கர்ப்பிணிக்கு மூச்சு வாங்கினால்: லேபர் வார்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு ஹவுஸ் சர்ஜன், ஏழு மாதக் கர்ப்பிணிக்கு நெபுலைசர் வைத்துக்கொண்டிருந்தார். "வீசிங் மேடம்" என்றார். எனக்குப் பகீரென்றது: அது இதயக் கோளாறாகவும் இருக்கலாமே. பயிற்சிக் காலத்தில் நானும் இதையேதான் செய்தேன். பிரஷர் பார்க்க மறப்பது போன்றவற்றை வார்டு சிஸ்டரே திருத்திவிடுவார், அவற்றை விட்டுவிடுகிறேன்.

மூச்சிரைப்பை வீசிங் என்று முடிவு கட்டுவது

என் பயிற்சிக் காலத்தில் வந்த அந்தக் கர்ப்பிணிக்கு 22 வயது. மூன்று தலையணை அடுக்கி, உட்கார்ந்தபடியே தூங்குகிறாள் என்றார் மாமியார். "மாசமா இருந்தா மூச்சு வாங்கத்தான் செய்யும்" என்று பத்து நாள் கடத்தியிருந்தார்கள். நெஞ்சில் விசில் சத்தம். மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் வைத்தேன், டிரிப்பை வேகமாக ஓடவிட்டேன். அரை மணி நேரத்தில் வாயில் ரோஸ் நிற நுரை.

சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் (மூட்டு வீங்கி, இதயத்தையும் தாக்கும் காய்ச்சல்) அவளது இதயத்தின் இடப்பக்க மைட்ரல் வால்வைச் சுருக்கியிருந்தது. அந்த வால்வு 4 முதல் 6 சதுர செ.மீ. திறக்க வேண்டும், 1.5க்குள் அடங்கினால் கடுமையான சுருக்கம். கர்ப்பத்திலோ ரத்த அளவு 40–50 சதவீதம் கூடுகிறது. அவ்வளவும் அந்த இடுக்கில் இறங்க அவகாசம் வேண்டும். இதயத் துடிப்பு கூடினால் அவகாசம் குறையும், ரத்தம் நுரையீரலில் தேங்கும். சால்பியூட்டமால் துடிப்பைக் கூட்டியது, டிரிப் ரத்தத்தைக் கூட்டியது. அவளுக்கு வேண்டியிருந்ததோ நிமிர்த்தி உட்காரவைத்து ஆக்சிஜன், நீர் பிரிய ஃபுரோசமைடு, துடிப்பைத் தணிக்க மெட்டோபிரலால். தாய் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

இன்றும் ஆறாத கோபம் ஒன்று உண்டு. "சின்ன வயசுல மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்துச்சாம்மா? மூணு வாரத்துக்கு ஒருக்கா பென்சிலின் ஊசி போட்டாங்களா?" என்று நான் கேட்கவே இல்லை. மாமியாரை வெளியே அனுப்பிவிட்டுக் கேளுங்கள். இதய நோயை மறைத்துக் கல்யாணம் செய்துவைத்த வீடுகள் எத்தனையோ. பெற்ற தாயிடம் தனியாகக் கேட்டால் பழைய சீட்டு வெளியே வரும்.

எக்கோவுக்குத் தயங்குவது

எக்கோ என்பது இதயத்துக்கான ஸ்கேன். வயிற்று ஸ்கேன் போல அதுவும் ஒலி அலைதான், கருவை நினைத்துப் பயப்பட வேண்டாம்.

வார்ஃபரினைத் தானாக நிறுத்துவது

இதயத்தில் உலோக வால்வு வைத்த பெண்கள், நாள் தள்ளியதும் பயத்தில் ரத்தம் உறையாமல் தடுக்கும் இந்த மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். 6 முதல் 12 வாரத்துக்குள் அது கருவைப் பாதிக்கலாம் என்பது உண்மை. ஆனால் மாற்று மருந்தில்லாமல் நிறுத்தினால் வால்வில் ரத்தம் உறைந்து தாயின் உயிருக்கே ஆபத்து. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரின் ஊசிக்கு மாறுவதா, குறைந்த அளவில் தொடர்வதா என்பதைக் கார்டியாலஜிஸ்ட் அன்றே பார்த்துச் சொல்லட்டும்.

மெத்தர்ஜின்

பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கை நிறுத்தக் கருப்பையைச் சுருக்கும் மருந்து இது. இதய நோயுள்ள இந்தப் பெண்களுக்கு வேண்டாம்.

குழந்தை அழுததும் மானிட்டரைக் கழற்றுவது

கருப்பை சுருங்கும்போது அதிலிருந்த ரத்தம் மொத்தமாக இதயத்துக்குத் திரும்புகிறது. வலி முழுக்கத் தாங்கியவள், பிரசவமான இரவில் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். போன வாரத்துப் பெண்ணின் எக்கோவிலும் மைட்ரல் சுருக்கம்தான். பிரசவத்துக்குப் பின் இரண்டு நாளாவது அவள் ஐ.சி.யூ.வில் இருக்க வேண்டும் என்று கேஸ் ஷீட்டில் இப்போதே எழுதிவைத்திருக்கிறேன்.