பின்பக்க சஸ்பென்ஷனுக்கு பார் போடும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னை கத்திப்பாரா மேம்பாலத்தின் வளைவில் சற்று வேகமாக இறங்கினால் கார் ஒரு பக்கம் சாய்கிறது. நண்பரிடம் சொன்னால், "பின்னாடி ஒரு பார் போட்டுடு, சரியாயிடும்" என்கிறார். எந்த பார் என்று கேட்டால் பெரும்பாலும் அவருக்கே தெரியாது. காசு வீணாவது இங்கேதான் தொடங்குகிறது. கடையில் ஒரே பெயரில் காட்டும் சாமான்கள் உண்மையில் வெவ்வேறு வேலை செய்பவை.

ஸ்ட்ரட் பார் என்பது டிக்கிக்குள் இடது, வலது ஷாக் அப்சார்பர்களின் மேல்முனைகளை இணைப்பது. ஆடும் நாற்காலியின் இரண்டு கால்களுக்கு நடுவே குறுக்குக் கட்டை அடிப்பது போல, காரின் பாடி நெளியாமல் பிடித்துக்கொள்வதுதான் அதன் வேலை. வண்டிக்கு அடியில் போல்ட் போடும் லோயர் பிரேஸும் அதே இனம்தான், இடம் மட்டும் கீழே. ஆன்டி ரோல் பார் வேறு ஜாதி. அது இரண்டு பக்கச் சக்கரங்களையும் இணைத்து, ஒரு பக்கம் அமுங்கும்போது முறுக்கேறி எதிர்த்து நின்று, சாய்வைக் குறைக்கும். ஆக, வளைவில் வண்டி சாய்வதுதான் உங்கள் குறை என்றால் ஸ்ட்ரட் பார் எத்தனை ஆயிரத்துக்கு வாங்கினாலும் அந்தச் சாய்வு குறையாது.

அடுத்த தவறு, தன் காரின் பின்பக்கம் எப்படிப்பட்டது என்று குனிந்துகூடப் பார்க்காமல் வாங்குவது. ஸ்விஃப்ட், பலேனோ, ஐ20, போலோ, ஹோண்டா சிட்டி என்று நம் தெருவில் நிற்கும் கார்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் இருப்பது டார்ஷன் பீம். இரண்டு கைகளையும் நடுவில் ஒரு குறுக்குச் சட்டத்தையும் கொண்ட அமைப்பு அது. வளைவில் வரும் பக்கவாட்டு விசை அந்த பீமின் முன்முனையில் உள்ள இரண்டு பெரிய புஷ்கள் (ரப்பர் வைத்த மூட்டுகள்) வழியாகத்தான் பாடிக்குப் போகிறது. ஷாக்கின் மேல்முனைக்கு அதில் பெரிய பங்கில்லை. அங்கே போய் இரண்டு முனைகளையும் இணைத்தால் என்ன மாறும்? ஹேட்ச்பேக்கில் டிக்கிக் கதவின் பெரிய திறப்பு இருப்பதால் பாடி கொஞ்சம் இறுகலாம், கிறீச் சத்தம் குறையலாம். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். ஜீப் காம்பஸ் போலப் பின்னாலும் ஸ்ட்ரட் (சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் தூணாகவும் வேலை செய்யும் ஷாக்) வைத்த கார் என்றால் கதை வேறு. அங்கே அந்த மேல்முனை பக்கவாட்டு விசையையும் தாங்குகிறது, பாருக்கு ஓர் அர்த்தம் இருக்கிறது.

டார்ஷன் பீம் காரில் உண்மையாகவே மாற்றம் காட்டுவது, அந்த பீமோடு சேர்த்துப் பூட்டும் ஆன்டி ரோல் பார். ஆனால் இதில்தான் மிகப் பெரிய தவறான எண்ணமும் ஒளிந்திருக்கிறது. பின்னால் தடித்த பார் போட்டால் பின்சக்கரங்கள் சாலையை இறுக்கிப் பிடிக்கும் என்று பலர் நம்புகிறார்கள். நடப்பது நேர்மாறு. வளைவில் வெளிப்பக்கப் பின்சக்கரத்துக்கு அதிக எடை மாறுகிறது, உள்பக்கச் சக்கரம் லேசாகிறது. டயரின் பிடிப்பு எடைக்கு நேர் விகிதத்தில் ஏறுவதில்லை என்பதால், இரண்டு பின்சக்கரங்களும் சேர்ந்து தரும் மொத்தப் பிடிப்பு குறைந்துவிடும். அதே சமயம் முன்சக்கரங்களுக்கு இடையே எடை மாறுவது குறைவதால் முன்பக்கப் பிடிப்பு கூடும். முன்சக்கரங்கள் இழுக்கும் கார்களை நிறுவனங்கள் வேண்டுமென்றே அண்டர்ஸ்டீர் பக்கம் சாய்த்துத்தான் வைத்திருக்கின்றன. ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் மூக்கு வெளியே ஓடுவதுதான் அது. பின் பார் அந்தக் குணத்தைக் குறைக்கிறது, கார் சட்டென்று திரும்புகிறது, ஓட்ட ஜாலியாகவும் இருக்கிறது.

காய்ந்த சாலையில் சரி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) வளைவின் நடுவே திடீரென ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், எடை முன்னால் பாய்ந்து, ஏற்கெனவே பிடிப்புக் குறைந்த பின்பக்கம் வெளியே வழுக்கும். பழக்கம் இல்லாதவர் அந்த நேரத்தில் பிரேக்கைத்தான் மிதிப்பார், நிலைமை இன்னும் மோசமாகும். இன்னோவா கிரிஸ்டா போலப் பின்சக்கரம் இழுக்கும் வண்டியில் வேறொரு சிக்கல்: உள்பக்கச் சக்கரம் லேசாகி வீணாகச் சுழலும்.

தடிமன் விஷயத்திலும் ஏமாற வேண்டாம். ஆன்டி ரோல் பாரின் விறைப்பு விட்டத்தின் நான்காம் படியில் ஏறும். 16 மில்லிமீட்டரிலிருந்து 18க்குப் போனால், மற்ற அளவுகள் மாறாதபோது, விறைப்பு ஏறக்குறைய 1.6 மடங்கு. 20 என்றால் 2.4 மடங்கு. "ரெண்டு எம்எம்தானே சார்" என்று கடைக்காரர் சொன்னால் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே குழலாக இருக்கும் பாரைப் பார்த்து டூப்ளிகேட் என்று ஒதுக்கவும் வேண்டாம். வெளிவிட்டம் 20, உள்விட்டம் 14 உள்ள குழல், அதே வெளிவிட்ட முழுக்கம்பியின் விறைப்பில் முக்கால் பங்கைத் தரும், எடையோ பாதிதான். முனையில் பல துளைகள் வைத்து விறைப்பை மாற்றக்கூடிய பார் கிடைத்தால் அதையே வாங்கலாம். முனையிலுள்ள வெளித்துளைதான் மென்மையானது, அதில் தொடங்குங்கள்.

பாடியை இறுக்கும் ஸ்ட்ரட் பாரோ லோயர் பிரேஸோ வாங்குவதானால் பளபளப்பைப் பார்க்காதீர்கள். ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலோ புதுப்பேட்டையிலோ கேட்டால் எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று ஒன்றை எடுத்து நீட்டுவார்கள். நடுவில் வளைந்த கம்பி, இரண்டு முனையிலும் அசையும் மூட்டு, மெல்லிய தகட்டு பிராக்கெட்: இந்த மூன்றும் சேர்ந்தால் அது அலங்காரப் பொருள். நேரான, ஒரே துண்டான கம்பிதான் விசையைத் தாங்கும். அலுமினியத்தின் விறைப்பு எஃகில் மூன்றில் ஒரு பங்கு என்பதால் அதற்கேற்ற தடிமனும் வேண்டும். பெசன்ட் நகர், கொட்டிவாக்கம் பக்கம் குடியிருப்பவர்கள், எஃகு போல்ட் படும் இடத்தில் அலுமினிய பிராக்கெட் உப்புக்காற்றில் அரித்துப்போகும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அடியில் தொங்கும் எதுவும் நம் ஊர் ஸ்பீட் பிரேக்கரில் இடிக்கும். காலி வண்டியில் இடிக்கவில்லை என்று சொல்லிப் பயனில்லை, பின்சீட்டில் மூன்று பேரையும் டிக்கியில் சாமானையும் ஏற்றிப் பாருங்கள். இறுக்கமான ஆன்டி ரோல் பார் இருந்தால் ஒரு சக்கரம் குழியில் இறங்கும் குலுக்கல் அடுத்த பக்கத்துக்கும் போகும் என்பதையும் வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

பொருத்தும்போது நடக்கும் தவறுகளில் ஒன்று உயிருக்கே ஆபத்தானது. சில பார்களைப் பின்சீட் பெல்ட்டின் போல்ட்டைக் கழற்றி அதே துளையில் மாட்டுவார்கள். சம்மதிக்காதீர்கள். பீமில் துளை போடுவதும் வெல்டிங் வைப்பதும் கூடாது. பீம் முறுக்கேறவே வடிவமைக்கப்பட்டது, துளையிட்ட இடத்தில் விரிசல் விடும். பல கார்களில் பின்சீட்டுக்கு அடியில்தான் பெட்ரோல் டேங்க் என்பதையும் வெல்டரிடம் போகும் முன் நினைத்துக்கொள்ளுங்கள். சிஎன்ஜி வண்டியில் டிக்கியைச் சிலிண்டர் அடைத்துக்கொண்டிருக்கும், அதன் தாங்கியை அசைத்துப் பாருக்கு இடம் தேட வேண்டாம். புஷ்ஷில் போகும் போல்ட்டுகளை ஜாக்கில் தூக்கிய நிலையில் முழுதாக முறுக்காமல், சக்கரங்கள் தரையில் எடையைத் தாங்கும்போது டார்க் ரெஞ்சால் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) இறுக்கச் சொல்லுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி சோதிக்க வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் டயர், காற்றழுத்தம், ஷாக், புஷ், அலைன்மென்ட். தேய்ந்த புஷ்ஷை வைத்துக்கொண்டு பார் போட்டால் எது சரியானது, எது சரியாகவில்லை என்றே தெரியாது.

காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்துமூலம் தெரிவித்துவிடுங்கள். வாரண்டி இருந்தால் பொருத்தும் முன்பே ஷோரூமில் கேளுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்சியில் பதிவான விவரம் நிறுவனம் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

போட்ட பார் எப்படி என்று பார்க்க அதிகாலை ஈசிஆர் ஏற்ற இடமல்ல. இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் ரேஸ் ட்ராக் இருக்கிறது, பொதுமக்கள் ஓட்ட அனுமதிக்கும் நாள் அமைந்தால் அங்கே போகலாம். முதலில் பார் இல்லாமல் சில சுற்று, அப்புறம் பாரோடு, அதே டயர் அழுத்தத்தில். பின்பக்கம் லேசாக நழுவுவது போல் பட்டால் மென்மையான துளைக்கு மாற்றுங்கள். அதற்கு மேல் மாற்றத் துளை இல்லையென்றால் மழைக்காலம் முடியும்வரை கழற்றி வையுங்கள்.